தையல் டீச்சரின் உபரி உத்தியோகம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் ஆலோசனை சொல்லாத ஒரே ஆள், ஆலோசகராக நியமிக்கப்பட்டவர்தான். மற்றவர்கள் எல்லோரும் சொன்னோம். ஹெட்மிஸ்ட்ரஸ் தினமும் காலைப் பிரார்த்தனையில் சொல்வார். தமிழ் டீச்சர் வகுப்புக்கு வகுப்பு சொல்வார். வாசலில் மணியடிக்கும் கிழவர்கூட, தாமதமாக வருகிற பெண்களைப் பத்து நிமிஷம் நிறுத்திவைத்து நேரத்தின் அருமையை விளக்கி, இன்னும் தாமதமாக்கித்தான் உள்ளே விடுவார்.

ராயபுரத்தில் இருந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளி அது. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் சாத்தூர்ப் பக்கத்துப் பெண். தண்டையார்பேட்டையில் மல்லி, மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்துகொண்டிருந்த சித்தப்பா வீட்டில் தங்கிக் கணக்கு டீச்சராக வேலை பார்த்தேன். சித்தப்பா பள்ளி கமிட்டியில் ஒரு மெம்பர். என் பட்டத்தையும் மார்க்கையும் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள் என்று அப்போது உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் தையல் டீச்சர். பெயர் வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர், குள்ளம். கழுத்தில் தாலிக்கயிற்றோடு இன்னொரு கயிறும் தொங்கும். அதில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். திருவொற்றியூரிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருவார். பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் அந்தக் கடலோரந்தான். டீச்சர் ஆன பிறகும் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. நாங்களெல்லாம் வீட்டுப் பேச்சை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து, உள்ளே புத்தகத் தமிழில் நடமாடுவோம். அவர் இன்ஸ்பெக்ட்ரஸ் முன்னாலும் ‘இன்னா’ என்றுதான் கேட்பார்.

பதினோரு வருஷம் வேலை பார்த்தும் அவர் நிரந்தரம் ஆகவில்லை. தையல் பொதுப் பரீட்சைக்கு உரிய பாடமில்லை என்பது கமிட்டியின் வாதம். ஜூனில் நியமிப்பார்கள், ஏப்ரலில் நிறுத்துவார்கள், மறுபடி ஜூனில் நியமிப்பார்கள். “மாம்பயம் வந்தா நான் பூடுவேன், மாம்பயம் போனா நான் வந்துருவேன்” என்பார். குறைப்பட்டுக்கொண்டு சொன்னதாகத் தோன்றாது. யாராவது கேட்டால் விவரம் சொல்கிற குரலில் சொல்வார்.

ஒரு நாள் மேலிடத்திலிருந்து ஒரு சர்க்குலர் வந்தது. மாணவியரின் மனக்குறைகளைக் கேட்டு அவர்களுக்கு வழிகாட்ட ஒவ்வொரு பள்ளியும் ஓர் ஆசிரியையை நியமிக்க வேண்டும், அதற்கென ஒரு ரிஜிஸ்டர் வைக்க வேண்டும், சம்பளத்தில் மாற்றம் கிடையாது. கடைசி வரியைக் கேட்டதும் எல்லா டீச்சர்களுக்கும் பரீட்சை வேலை ஞாபகம் வந்துவிட்டது. எனக்கும்தான். ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத் தையல் டீச்சரிடம் வந்து நின்றார்.

“உங்களுக்குத்தான் பீரியட் கம்மி. நீங்களே பாத்துக்குங்க.”

“இன்னா பண்ணணும்?”

“பொண்ணுங்க குறையைச் சொன்னா கேக்கணும். கேட்டுட்டு ஆலோசனை சொல்லணும்.”

“கேக்கறது சரிம்மா. கேக்கறேன்” என்றார் தையல் டீச்சர். அவர் பாதி வேலையைத்தான் ஒப்புக்கொண்டார் என்பதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

ஆலோசகருக்குத் தனி அறை வேண்டும் என்று சர்க்குலரில் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே, பழைய பெஞ்சுகளும் ஓடாத தையல் மிஷின் ஒன்றும் போட்டுவைத்திருந்த இடத்தை ஒதுக்கிக் கொடுத்தார்கள். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். தையல் டீச்சர் குள்ளம் என்பதால் அதுவும் பொருத்தமான நியமனமாகிவிட்டது. அவர் ஒரு பாயை விரித்து, மத்தியானச் சாப்பாட்டு மணிக்குப் பிறகு அங்கே உட்கார ஆரம்பித்தார்.

பெண்கள் வந்தால் என்ன ஏது என்று கேட்க மாட்டார். முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். சின்ன வகுப்புப் பிள்ளைகள் கோணலாகத் தைத்துப்போட்ட துணி ஒரு மூட்டை இருக்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, “இத்தப் பிரி” என்பார். வந்த பெண் ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாக நெம்பிப் பிரித்துக்கொண்டிருப்பாள். இவரும் ஒன்றை எடுத்துப் பிரிப்பார். கை வேலை செய்துகொண்டிருக்கும்போது, எதிரில் யாரும் கண்ணைப் பார்க்காமல் இருக்கும்போது, வாய் தானாகத் திறந்துகொள்கிறது. கொஞ்ச நேரத்தில் அவள் பேசத் தொடங்குவாள். இவர் சொல்வது ஒரே வார்த்தைதான். “அப்பால?”

அவள் மேலே சொல்வாள். எங்கேயாவது நின்றால் மறுபடி, “அப்பால?” மணி அடித்ததும் பிரித்த துணியை வாங்கி மடித்து வைத்துவிட்டு, “கிளாஸுக்குப் போ” என்பார். இதுதான் முழு வைத்தியமும். பெண்கள் அவருக்கு அப்பால டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். படிக்குக் கீழே இடம் போதாமல் வரிசை நின்றது.

மூன்றாவது மாதம் ஹெட்மிஸ்ட்ரஸ் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். தேதி, பெயர், பிரச்சினை, ஆலோசனை, பலன் என்று ஐந்து கட்டங்கள். தையல் டீச்சரின் குண்டு எழுத்தில் இப்படி இருந்தது. பெயர்: ஒரு பொண்ணு. பிரச்சினை: அழுதது. ஆலோசனை: இல்லை. பலன்: மூக்கு சிந்திவிட்டுப் போனது. அடுத்த வரி. பெயர்: வேறு பொண்ணு. பிரச்சினை: அதே. ஆலோசனை: இல்லை. பலன்: நாளைக்கும் வரும்.

நாற்பது பக்கம் இப்படியே. ஹெட்மிஸ்ட்ரஸுக்கு மயக்கம் வராதது ஆச்சரியம். இன்ஸ்பெக்ஷனுக்கு இரண்டு வாரம் இருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னைக் கூப்பிட்டு, தையல் டீச்சர் சொல்லச் சொல்ல நான் புது ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், அவர் கடைசியில் கையெழுத்துப் போடுவார் என்று ஏற்பாடு செய்தார்.

ஏற்பாட்டில் ஒரே ஒரு கோளாறு. அவர் எதையும் சொல்லவில்லை. “அதுங்க எங்கையில சொன்னத உங்கையில எப்டிமா சொல்றது?” என்றார். அப்படியானால் என்ன ஆலோசனை சொன்னீர்கள் என்பதையாவது சொல்லுங்கள் என்றேன். “அதுங்க வூட்ல நானா கீறேன்? அதுங்களுக்குத் தெரியாதது எனுக்கு இன்னா தெரியும்?” என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. எழுத வேண்டிய பக்கங்கள் காலியாக இருந்தன. நானே எழுதினேன்.

பொய் எழுதுவது கணக்குப் போடுவதைவிட எளிது என்று அந்த இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டேன். ‘நான்காம் பாரம் மாணவி. மனச்சோர்வு. அதிகாலையில் எழுதல், குளிர்ந்த நீரில் நீராடல், பெரியோர் சொற்படி நடத்தல் ஆகியவற்றின் நன்மைகள் எடுத்துரைக்கப்பட்டன. பலன் திருப்திகரம்.’ எழுத எழுத எனக்கே சுவாரசியம் பிடித்துவிட்டது. சில நாள் ரயிலடிக்கு நடக்கும்போதே நாளைய ஆலோசனைகளை யோசித்து வைத்துக்கொள்வேன். பிரச்சினைகளையும் நான்தான் யோசித்தேன் என்பதால் எல்லாம் கச்சிதமாகத் தீர்ந்தன. தையல் டீச்சர் படித்துப் பார்க்காமல் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

இன்ஸ்பெக்ட்ரஸ் வந்தார். ரிஜிஸ்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இப்படியொரு ரிஜிஸ்டரைத் தாம் எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை என்றார். அது உண்மையாகவே இருக்கும். தையல் டீச்சரைக் கூப்பிட்டு, “அந்தக் குளிர்ந்த நீர் யோசனை ரொம்ப நல்லாயிருக்கு” என்றார்.

“மெய்யாலுமா? எனுக்குத் தெரியாதும்மா” என்றார் தையல் டீச்சர்.

அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்ட்ரஸ் இன்னும் பாராட்டிவிட்டுப் போனார். பாராட்டு யாருக்குச் சேர வேண்டியது என்று எனக்குத் தெரியும். அன்று முழுவதும் தரையில் கால் பாவவில்லை. ரிஜிஸ்டர் எழுதுகிற வேலையும் அதற்குப் பிறகு என்னிடமே நின்றது.

அந்த உத்தியோகத்தின் நிஜமான வருமானம் வேறு விதமாக வந்துகொண்டிருந்தது. காசிமேட்டுப் பெண் ஒருத்தி நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து கொடுப்பாள். வண்ணாரப்பேட்டையில் அத்தர் விற்கிற பாய் வீட்டுப் பெண் அத்தர் தொட்ட பஞ்சு கொண்டுவருவாள். ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெரியாது. எல்லாம் ஒரே பையில் போகும். கருவாடும் அத்தரும் சேர்ந்து அடிக்கிற வாசனைக்கு ஸ்டாஃப் ரூமில் ஜன்னலோர நாற்காலியை அவருக்கே விட்டுக்கொடுத்தோம். சாயங்கால ரயிலிலும் ஒரு பெஞ்சு முழுக்கத் தனக்கே கிடைக்கிறது என்று சந்தோஷப்படுவார்.

எல்லாம் வேடிக்கையாகவே இருந்தது என்று சொல்ல முடியாது. எர்ணாவூரிலிருந்து வந்த ஐந்தாம் பாரத்துப் பெண் ஒருத்தி மூன்று வாரம் விடாமல் படிக்குக் கீழே போய் உட்கார்ந்தாள். பிறகு ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கு வரவில்லை. அப்புறமும் வரவில்லை. படிப்பை நிறுத்தி நெல்லூர்ப் பக்கம் யார் வீட்டிலோ வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்தது. நான் தையல் டீச்சரிடம் போய், உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, டீச்சர். அவளிடம், இல்லாவிட்டால் எங்களிடம்” என்றேன்.  அவர் அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. எனக்கு மனம் இளகவில்லை. கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதற்கு ஒரு ஆலோசகர் எதற்கு என்று நினைத்தேன். இப்போதும் சில நாள் அப்படித்தான் நினைக்கிறேன்.

மரகதம் விஷயத்தில் நான் நுழைந்ததற்கு அதுதான் காரணம். காரணம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

மரகதம் ஆறாம் பாரத்துப் பெண், எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டியவள். கொருக்குப்பேட்டையில் வீடு. அவள் அப்பா கூட்ஸ் ஷெட்டில் கிழிந்த மூட்டைகளைக் கோணி ஊசியால் தைக்கிறவர். அவள் போட்ட கணக்கைத் திருத்தும்போது என் சிவப்பு மைக்கு வேலை இருக்காது. பொங்கல் முடிந்த கையோடு அவள் முகம் வாடிப்போயிற்று. ஒரு வாரமாகப் படிக்குக் கீழே போய்ப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் வகுப்பு முடிந்ததும் நிறுத்திவைத்துக் கேட்டேன். தாய்மாமனுக்குத் தன்னைக் கல்யாணம் பேசிவிட்டார்கள், மாசியில் கல்யாணம், பரீட்சை பங்குனியில், எழுத முடியாது என்றாள்.

“தையல் டீச்சர் என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல டீச்சர். பிரிச்சிக்கினு இருந்தோம்.”

“நீ என்ன செய்யப்போற?”

“ஞாயித்துக்கெயம எங்க பெரியத்த வர்து டீச்சர். நைனாவோட அக்கா. அது கையில சொல்லலாம்னு கீறேன். அது சொன்னா நைனா தட்டாது.”

ஒரு வாரம் பிரித்துப் பிரித்து, யாரும் சொல்லாமல், அவளே கண்டுபிடித்த வழி அது. இதைவிட நல்ல வழி கிடையாது என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. என் ரிஜிஸ்டரில் எந்தப் பெண்ணும் அத்தை மூலமாகத் தூது விட்டதில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். “எதுக்கு இன்னொரு ஆள்? நீ தப்பு ஒண்ணும் பண்ணலையே. இன்னிக்கே போய் உங்க அப்பாகிட்ட நேருக்கு நேரா, தைரியமா, படிப்பு முடியிற வரைக்கும் கல்யாணம் வேண்டாம்னு சொல்லு” என்றேன். அவள் தயங்கினாள். நான் இன்னும் கொஞ்சம் பேசினேன். எனக்குப் பேச வரும்.

அன்று மத்தியானமே ரிஜிஸ்டரில் எழுதினேன். ‘மரகதம், ஆறாம் பாரம். படிப்புக்கு இடையூறாகத் திருமண ஏற்பாடு. தந்தையிடம் நேரில் துணிவுடன் மறுப்புத் தெரிவிக்குமாறு ஆலோசனை கூறப்பட்டது.’ அந்த ரிஜிஸ்டரில் நிஜமாகச் சொல்லப்பட்ட ஒரே ஆலோசனை அதுதான். பலன் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். தையல் டீச்சர் வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மரகதம் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. திங்கட்கிழமை அவள் அப்பா வந்தார். சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“மாப்ள வூட்டுக்கு வந்துகீறான். சாப்ட்டுகினு கீறான். அவன் முன்னாடி பொண்ணு வந்து நின்னுகினு எனுக்கு இந்தக் கல்யாணம் வாணாம்னு சொல்து. இஸ்கோல்ல டீச்சரம்மாதான் இப்டிச் சொல்லச் சொன்னாங்கன்னு சொல்து. எந்த டீச்சரம்மா? அவங்கள நான் பாக்கணும்.”

ஹெட்மிஸ்ட்ரஸ் ரிஜிஸ்டரையும் தையல் டீச்சரையும் வரவழைத்தார். எழுதியவள் என்பதால் என்னையும் கூப்பிட்டார். பக்கத்தைத் திருப்பி, என் முத்து முத்தான எழுத்தை உரக்கப் படித்தார். ‘துணிவுடன் மறுப்புத் தெரிவிக்குமாறு.’  அவர் என் பக்கம் திரும்பி, “இது இவங்க சொல்லித்தானே நீங்க எழுதினது?” என்று கேட்டார்.

  நாள் முழுக்கப் பேசுகிறவளுக்கு அந்த நிமிஷம் ஒரு சொல் கிடைக்கவில்லை.

தையல் டீச்சர் ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார். நிதானமாகப் படித்தார். முதல் தடவையாகப் படித்தார் என்று எனக்கு மட்டும் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பக்கத்தின் அடியில் விரலை வைத்து, “இது என் கையெயுத்துதான்மா” என்றார்.

பொய் இல்லை. கையெழுத்து அவருடையதுதான்.

பிறகு மரகதத்தின் அப்பாவிடம், “படிக்குக் கீய வா நைனா, பேசிக்கலாம்” என்று சொல்லி நடந்தார். அவர் கோபத்தோடு பின்னால் போனார். எனக்கு மாடியில் வகுப்பு. நாலு படி ஏறிவிட்டு நின்றுவிட்டேன். காலுக்குக் கீழே அவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது.

“இத்தப் பிரி.”

நூல் பிரிகிற சத்தம் கேட்டது.

“இன்னா தையலு இது? கோணிய கூட எவனும் இப்டித் தைக்க மாட்டான்.”

“அதான் பிரிக்கச் சொன்னேன்.”

 பிறகு அவர் ஆரம்பித்தார். கூட்ஸ் ஷெட், மேஸ்திரி, இரண்டாவது பிள்ளையின் காய்ச்சல் என்று எங்கெங்கோ போயிற்று. இவர் “அப்பால?” என்றார். அவர் கல்யாணத்துக்கு வந்தார். மாப்பிள்ளை துறைமுகத்தில் வேலை செய்கிறவன், எட்டாவதோடு நின்றவன்.

“இது பாஸாயிடிச்சின்னா அவன மதிக்குமா? அந்த பயந்தான் எனுக்கு.”

“அப்பால?”

“அவன் ஒண்ணும் சொல்லல. படிக்கட்டும் மாமான்றான். நாந்தான் வாய உட்டுட்டேன். இனிமே இஸ்கோலு கெடியாதுன்னு அவன் முன்னாடியே சொல்லிட்டேன். நேத்து எங்க அக்கா வந்து அயுதாங்க. இன்னா பண்றது? முந்தியே அவங்க வந்து சொல்லிர்ந்தாங்கன்னா சரின்னுர்ப்பேன். பொண்ணு எதுத்துப் பேசி நான் எறங்கிட்டேன்னு ஆவக் கூடாதில்ல?”

“அப்பால?”

துணியை உதறி மடிக்கிற சத்தம் வந்தது.

“இஸ்கோலுக்கு வாணாம். வூட்லயே படிச்சிட்டு, பரீட்சைய மட்டும் எய்தட்டும். எங்க அக்கா சொன்னதா இருக்கட்டும். கல்யாணத்த வைகாசில வச்சிக்கலாம்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “கணக்கு ரொம்பக் கஷ்டமாமே. பெயிலாயிடுமா?” என்றார்.

“அது எனுக்குத் தெரியாது நைனா.”

அவர் சர்டிபிகேட் வாங்காமலே போனார். வருகை நாட்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருந்ததால் ஹெட்மிஸ்ட்ரஸும் ஒப்புக்கொண்டார். நான் அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் படிக்குக் கீழே போனேன். குனியத் தெரியாமல் தலையை இடித்துக்கொண்டேன். “டீச்சர், நான் போய் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாகிட்ட உண்மையச் சொல்லிடுதேன்” என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவர் எனக்குத் துணி எதுவும் கொடுக்கவில்லை. நேராக முகத்தைப் பார்த்தார்.

“இப்ப சொல்லாத. சொன்னா உன்ன நிறுத்திடுவாங்க. உங்க சித்தப்பாவே நிறுத்தச் சொல்வாரு, இல்லாங்காட்டி அவரு பேரு கெட்டுடும். அப்புறம் அந்தப் பொண்ணுக்குக் கணக்கு யாரு போட்டுத் தருவா? நீ டெய்லி எய்திக் குடு. நான் போற வயியில எறங்கிக் குடுத்துட்டுப் போறேன். பரீட்ச முடிஞ்சதும் சொல்லு.”

எனக்குத் தெரிந்து அவர் வாய் திறந்து சொன்ன ஒரே ஆலோசனை அதுதான்.

நான் தினமும் கணக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் கொருக்குப்பேட்டையில் இறங்கி, மரகதத்தின் கையில் கொடுத்துவிட்டு, முந்தின நாள் தாளை வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் வீட்டுக்குப் போவார். திருத்துவதற்கு என்னிடம் வருகிற தாள்களில் கருவாட்டு வாசனை அடிக்கும். அதற்குள் கமிட்டி கூடியது. மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே சித்தப்பா சொன்னார். “அந்தத் தையல் டீச்சர் இருக்காளே, பொம்பளப் பிள்ளைங்ககிட்ட ரொம்பப் பேசிட்டாளாம். இந்த வருஷமாவது நிரந்தரம் பண்ணலாம்னு எழுதி வச்சிருந்தோம். அடிச்சுட்டோம். ஆலோசகர் வேலையும் வேண்டாம்னுட்டோம்.” ரொம்பப் பேசிவிட்டாளாம்.  வாயிலிருந்த இட்லியைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினேன்.

பரீட்சை முடிந்தது. உடனே லீவு வந்தது. லீவில் சொல்வதற்கு ஹெட்மிஸ்ட்ரஸ் ஊரில் இல்லை. ரிசல்ட் வந்தது. மரகதம் பாஸ், கணக்கில் பள்ளியிலேயே முதல் மார்க். வைகாசியிலேயே கல்யாணமும் ஆகியிருந்தது. ரிசல்ட் வந்த பேப்பரை மாப்பிள்ளை துறைமுகம் முழுக்க எடுத்துப்போய்க் காட்டினாராம். அப்பாவின் பயம் வீண்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று சொல்லிவிடுவது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குப் போனேன். நான் பேசுவதற்குள் அவர் பேசிவிட்டார். புது ஆலோசகராகக் கமிட்டி என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, ரிஜிஸ்டரை அவ்வளவு நன்றாக எழுதியது காரணம் என்றார். தனி அறையும் மாடியில், ஜன்னல் வைத்தது. நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சரி, அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் சரஸ்வதி பூஜை கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். தையல் டீச்சர் தினமும் எதிரே வருவார், நின்று இரண்டு வார்த்தை பேசுவார், ரயில் தாமதத்தைப் பற்றிச் சொல்வார். சொன்னாயா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காமல் இருந்ததற்காக அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

மூன்று வருஷம் போயிற்று. தையலை எடுத்துவிட்டு டைப்ரைட்டிங் கொண்டுவரக் கமிட்டி முடிவு செய்தது. நிரந்தரமான டீச்சராக இருந்தால் வேறு வேலை கொடுத்தாக வேண்டும். இவருக்கு ஜூனில் ஆர்டர் அனுப்பாமல் விட்டாலே போதும். தற்காலிக டீச்சருக்குப் பிரிவுபசாரம் நடத்துகிற வழக்கம் இல்லை. நான்தான் பிடிவாதம் பிடித்து ஏற்பாடு செய்தேன். ரவா கேசரி, பக்கோடா, காபி. மாணவியர் ஆலோசகர் என்ற முறையில் நான்தான் பேசினேன். கால் மணி நேரம். அவருடைய பொறுமை, பெண்களிடம் அவர் காட்டிய அன்பு, அவர் காத்த ரகசியங்கள் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு டீச்சர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் பையை எடுத்துக்கொண்டார். வாசல் வரை கூடப் போனேன். இப்போதாவது ஏதாவது கேட்பார் என்று நடந்தேன். அவர் என் தோளைத் தட்டி, “நல்லாப் பேசுன, கணக்கு டீச்சர்” என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷன் பக்கம் திரும்பி நடந்தார்.